கிருமியின் எழுத்துப்பிழைகள்: வாசகர் கேள்வி பதில்

கிருமிகளின் மரபணுவைப் படித்து நோய்ப் பரவலைத் துரத்துவது பற்றிப் போன இதழில் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஐசியுவில் நர்ஸ். ஒரே மாதத்தில் மூன்று நோயாளிகளுக்கு கிளெப்சியெல்லா என்று கல்ச்சர் ரிப்போர்ட் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வந்தது. "நீங்கள் ஒழுங்காகக் கை கழுவுவதில்லை" என்று எங்களை நிற்க வைத்துக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே கிருமி என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத்தான் போயிருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஒரு தெருவில் மூன்று முருகன்கள் இருந்தால் மூன்று பேரும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடுவோமா? கிளெப்சியெல்லா என்பது அந்த மாதிரி ஒரு பொதுப் பெயர்தான். நல்ல ஆரோக்கியமாக நடமாடுகிற எத்தனையோ பேருடைய குடலில் அது சத்தம் போடாமல் குடியிருக்கிறது. உங்கள் மூன்று நோயாளிகளும் அவரவர் கிளெப்சியெல்லாவை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, உடம்பு பலவீனமானதும் அது தலைதூக்கியிருக்கலாம். எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குப் படாது என்ற பட்டியல் மூன்றிலும் ஒத்துப்போனால் சந்தேகம் கொஞ்சம் கூடும், ஆனால் அதுவும் சாட்சி ஆகாது.

சரி, அண்ணன் தம்பியா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் மரபணு வருகிறது. இதை விளக்க நமக்கு நல்ல பழமொழியே இருக்கிறது: படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான். ஓலைச்சுவடியைப் பார்த்துப் புதுச் சுவடி எழுதுகிறவர் எங்கேயோ ஓர் எழுத்தைத் தவறவிடுவார். அதைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது அந்தப் பிழையும் கூடவே போகும், புதிதாக ஒன்றும் சேரும். சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்த பதிப்பாசிரியர்கள் பத்து சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கிறதா என்று பார்த்தே எது எதைப் பார்த்து எழுதப்பட்டது, எவையெல்லாம் ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்று ஊகித்தார்கள். கிருமி விஷயத்திலும் அதே வேலைதான். கிளெப்சியெல்லாவின் மரபணு வரிசை சுமார் 55 லட்சம் எழுத்து. கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் நகல் எடுக்கிறது, மிக அபூர்வமாக ஓர் எழுத்து மாறிவிடுகிறது, மாறியது வம்சத்துக்குப் போகிறது.

உங்கள் மூன்று பேரின் கிருமியையும் முழுதாகப் படித்தால் என்ன வரும்? சும்மா ஓர் உதாரணம் சொல்கிறேன்: முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம், மூன்றாவது ஆளுக்கும் இவர்களுக்கும் பல ஆயிரம் எழுத்து வித்தியாசம் என்று வந்தால், மூன்றாவது நோயாளியின் கதை தனிக் கதை. அவருக்காக உங்களை நிற்க வைத்தது அநியாயம். மற்ற இருவருக்கும் இடையில் ஏதோ தொடர்பு இருக்கிறது, அதைத் தேட வேண்டும். அந்தத் தொடர்பு ஒரு கையாகவும் இருக்கலாம், வென்டிலேட்டராகவும் இருக்கலாம், கை கழுவும் தொட்டியின் வடிகாலாகவும் இருக்கலாம். எது என்பதை எழுத்து வரிசை சொல்லாது.

என்னைக் கேட்டால் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய உபயோகமே "தொடர்பு இல்லை" என்று அடித்துச் சொல்வதுதான். "இருக்கிறது" என்பதைவிட "இல்லை" என்பதை அது இன்னும் உறுதியாகச் சொல்லும்.

கேள்வி: எத்தனை எழுத்து மாறினால் தொடர்பு, எத்தனைக்கு மேல் போனால் தொடர்பில்லை? ஒரு கணக்கு இருக்குமே?

இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் வேறு கணக்கு. காசநோய்க் கிருமி சோம்பேறி. 44 லட்சம் எழுத்தில் இரண்டு வருஷத்துக்குச் சுமார் ஓர் எழுத்துதான் மாறும். அதனால் இரண்டு நோயாளிகளின் கிருமிக்கு இடையே ஐந்து எழுத்து அல்லது அதற்குக் குறைவாக வித்தியாசம் இருந்தால் அண்மையில் பரவியிருக்கலாம், 12-க்கு மேல் போனால் அண்மைப் பரவல் என்று சொல்வது கடினம் என்று இங்கிலாந்தில் 2013-ல் வந்த ஓர் ஆய்வு ஒரு கோடு போட்டது. இன்றும் பலர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எம்ஆர்எஸ்ஏ (மருந்துக்கு அடங்காத ஸ்டேஃபிலோகாக்கஸ்) மாதிரி கிருமிகள் இதைவிட வேகமாக மாறுபவை, அங்கே இந்தக் கோடு செல்லாது.

இன்னொரு சங்கடம்: ஒரே ஆளின் உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் குடியிருக்கும் கிருமி, தனக்குள்ளேயே சில எழுத்து மாறி ஒரு சின்னக் கூட்டமாக ஆகிவிடும். அதில் ஒன்றை எடுத்துப் படித்தால் 2 எழுத்து வித்தியாசம், இன்னொன்றை எடுத்திருந்தால் 6. ஆகவே அந்த எண்ணை லிட்மஸ் தாள் மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய முறைகளே போதாதா? இது வெறும் ஃபேஷன் என்கிறார் எங்கள் பேராசிரியர்.

பேராசிரியரிடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததைச் சொல்லுங்கள். 2006-க்குப் பிறகு ஒரு சிறிய சமூகத்தில் காசநோய் திடீரென்று ஏறியது. மரபணுவில் சில இடங்களை மட்டும் ஒப்பிடும் பழைய 'விரல்ரேகை' முறையில் பார்த்தால் எல்லோருடைய கிருமியும் ஒன்றேதான், ஒரே ஆளிடமிருந்து கிளம்பியது போல் இருந்தது. 2011-ல் முழு மரபணுவையும் படித்து வெளியிட்டபோது, அது ஒரே பரவல் இல்லை, இரண்டு தனித்தனி வம்சங்கள் ஒரே சமயத்தில் பெருகியிருக்கின்றன என்று தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பெருக வேண்டுமானால் காரணம் கிருமியில் இல்லை, மனிதர்களின் பழக்கத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே கிராக் கொக்கெய்ன் புழக்கம் கூடியிருந்தது, அதை ஒட்டிய கூட்டமும் நெருக்கமும். கிருமியைத் தேடிப் போனவர்கள் கடைசியில் போதைப்பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே சமயம் பேராசிரியர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவியபோது மரபணுதான் காரணத்தைக் கண்டுபிடித்தது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மைகூட இல்லை. நடந்தது இது. அந்த மே மாதம் வடக்கு ஜெர்மனியில் ரத்தக் கழிச்சலுடன் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் வயதுவந்தவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். கடைசியில் ஏறக்குறைய 3,800 பேர் பாதிக்கப்பட்டு, 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வந்து, 50-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். நடுவில் ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் கையைக் காட்டிவிட்டார்கள். வெள்ளரிக்காயில் ஈ.கோலை இருந்தது உண்மை, ஆனால் அது வேறு வகை, நோயாளிகளிடம் இருந்த ஓ104 என்ற வகை இல்லை. மறுபடியும் முருகன் கதைதான்! அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது.

மரபணு வரிசை சில நாட்களில் தயாரானது, சீனாவின் பிஜிஐ நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து படித்து, ஜூன் தொடக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து முகம் தெரியாத ஆட்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அலசினார்கள். குடல் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை ஈ.கோலை, ஒரு வைரஸ் மூலமாக ஷிகா நச்சு தயாரிக்கும் மரபணுவையும் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஏன் இவ்வளவு கொடூரமாக இருந்தது என்பதற்கு அது பதில். எந்தத் தட்டிலிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லை.

அந்தப் பதிலைக் கொண்டுவந்தது ஒரு சமையலறை. ஜெர்மனியின் பொதுச் சுகாதார அமைப்பான ராபர்ட் கோஹ் நிறுவனத்து ஆட்கள், கும்பலாகச் சாப்பிட்டு நோய்வாய்ப்பட்டவர்கள் போன உணவகத்துக்குப் போய், "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த டிஷ் ஆர்டர் செய்தீர்கள்" என்று பில்லையும் போட்டோவையும் வைத்துக் கேட்டார்கள். அப்புறம் சமையல்காரரிடம் போய் அந்த டிஷ்ஷில் என்னென்ன, எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அலங்காரத்துக்காக மேலே தூவியிருந்த முளைகட்டிய விதைகளைச் சாப்பிட்டவர்களுக்கு அது ஞாபகமே இல்லை. சமையல்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பக்கம் இந்த விசாரணை, இன்னொரு பக்கம் முளைகள் எந்தெந்த உணவகத்துக்குப் போயின என்ற விநியோகக் கணக்கு, இரண்டும் சேர்ந்து லோயர் சாக்சனியில் முளை வளர்க்கும் ஒரு பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தின. பிறகு பிரான்சில் போர்தோ பக்கம் வந்த ஒரு சிறு பரவலோடு ஒப்பிட்டபோது, எகிப்திலிருந்து வந்த ஒரே தொகுதி வெந்தய விதைதான் இரண்டுக்கும் பொது என்று தெரிந்தது.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் மரபணு முதலில் நிற்கும்?

ஆட்களின் ஞாபகம் கைகொடுக்காத இடத்தில். உணவு வழியாக வரும் லிஸ்டீரியா என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டதைச் சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் வரலாம். எழுபது நாளைக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று என்னைக் கேட்டால் நான் முழிப்பேன், நீங்களும்தான்.

தென்னாப்பிரிக்காவில் 2017-லும் 2018-லும் உலகத்திலேயே இதுவரை பதிவான மிகப் பெரிய லிஸ்டீரியா பரவல் நடந்தது: 1,060 பேர், 216 சாவு. பச்சிளங் குழந்தைகள் ஏராளம். நாடு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த கிருமிகளைப் படித்தபோது பத்தில் ஒன்பது ஒரே வம்சம், எஸ்டி6. அந்த ஒரு தகவலால் தேடலின் போக்கே மாறியது. நூறு இடத்தில் நூறு தவறு நடக்கவில்லை, எங்கேயோ ஓர் இடத்தில் ஒரே தவறு, அதுவும் நாடு முழுக்க விற்பனையாகும் ஒரு பொருளில். ஆனால் எந்தப் பொருள்? 2018 ஜனவரியில் சொவேட்டோவில் ஒரு மழலையர் காப்பகத்துக் குழந்தைகள் ஒன்பது பேர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒரு குழந்தையின் மலத்தில் லிஸ்டீரியா. சுகாதார ஆய்வாளர்கள் நேரே காப்பகத்துக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்கள். அங்கே போலோனி, அதாவது ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடும் மலிவான பதப்படுத்திய இறைச்சி. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போலோக்வானே நகரத்து ஆலைக்குப் போய் அங்கே துடைத்தெடுத்த மாதிரிகளில் அதே எஸ்டி6. மார்ச் 4-ம் தேதி சுகாதார அமைச்சர் அறிவித்தார், கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார்கள், நோயாளிகள் எண்ணிக்கை சரிந்தது.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்த அந்த ஆய்வாளர் இல்லாவிட்டால் எஸ்டி6 என்பது காகிதத்தில் ஒரு பெயர். எஸ்டி6 இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருந்த போலோனிக்கும் நாட்டின் மறுகோடியில் இறந்த குழந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

கேள்வி: மருத்துவமனையில் கிருமியைப் பரப்பிய ஊழியரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றால் வேலை போய்விடாதா? யார் ஒத்துழைப்பார்கள்?

நியாயமான பயம். 2011-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பச்சிளங் குழந்தைகள் வார்டில் எம்ஆர்எஸ்ஏ வந்துகொண்டேயிருந்தது. மரபணுவைப் படித்ததில் வார்டில் மட்டும் இல்லாமல் வெளியே தாய்மார்களிடமும் அதே வம்சம் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஓய்ந்தது, வார்டை முழுக்கச் சுத்தம் செய்தார்கள், 64 நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொரு குழந்தை. பழைய பரவலா, புதிதாக வந்ததா? படித்துப் பார்த்தால் பழையதே. நடுவில் எந்த நோயாளியும் இல்லாமல் கிருமி 64 நாள் எங்கே ஒளிந்திருந்தது? ஊழியர்கள் 154 பேரைப் பரிசோதித்ததில் ஒருவரிடம் இருந்தது. அவருக்கு எந்த நோயும் இல்லை, மூக்கிலோ தோலிலோ எம்ஆர்எஸ்ஏ இருப்பது அவருக்கே தெரியாது.

இதில் அவர் செய்த குற்றம் என்ன? குழந்தையிடமிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து குழந்தைக்குப் போனதா என்பதே பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாத விஷயம். களிம்பும் மருந்துச் சோப்பும் கொடுத்தால் பலருக்குப் போய்விடும் கிருமி இது. பெயரை வெளியே விடாமல் சிகிச்சை கொடுத்து வேலைக்குத் திரும்ப அனுப்பும் இடத்தில் ஆட்கள் பரிசோதனைக்கு மூக்கை நீட்டுவார்கள். நிற்க வைத்துக் கேட்கும் இடத்தில் லீவு போட்டுவிடுவார்கள். முதல் கேள்வி கேட்ட நர்ஸம்மா, இதைக் கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகும் அவரிடமிருந்து கிருமி பரவுமா?

நேரடியாக இல்லை. ஆனால் அவர் போனாலும் கிருமி தங்கிவிடும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவமனையில் 2011 ஜூனில் கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவோடு ஒரு நோயாளி சேர்ந்தார். தெரிந்தே தனிமைப்படுத்தி, கையுறை, அங்கி என்று சகல ஏற்பாட்டோடு பார்த்து, ஜூலையில் வீட்டுக்கும் அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அதே கிருமி இன்னொருவரிடம். இரண்டு பேரும் சந்தித்ததேயில்லை, ஆகவே இது வேறு என்றுதான் முதலில் தோன்றியது. எழுத்து வரிசை அந்த ஆறுதலைப் பறித்தது. அதே கிருமிதான், அதுவும் முதல் நோயாளியின் உடம்பின் வேறு வேறு இடங்களிலிருந்து வேறு வேறு சமயத்தில் குறைந்தது மூன்று தடவை தாவியிருக்கிறது. இடையில் அறிகுறியே இல்லாமல் குடலில் சுமந்தவர்கள் இருந்தார்கள், தொட்டி வடிகால்களிலும், சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைத்த ஒரு வென்டிலேட்டரிலும் அது கிடைத்தது. முதல் நோயாளியையும் சேர்த்து மொத்தம் 18 பேரிடம் அது இருந்தது, அதில் ஆறு பேரின் மரணத்துக்கு இந்தக் கிருமியே காரணம்.

கேள்வி: ஒரு கிருமிக்காக ஒரு நாட்டையே குற்றம் சொல்வது சரியா? ஹைட்டி காலராவில் நேபாளத்தை இழுத்தார்களே?

நேபாள மக்களை யாரும் குற்றம் சொல்லக் கூடாது, சொன்னவர்கள் தவறு செய்தார்கள். ஆனால் கேள்வியை மூடிவைத்ததும் அதே அளவு தவறு. 2010 ஜனவரியில் பூகம்பம், அக்டோபரில் காலரா. நூறு வருஷமாக அந்த நாட்டில் காலரா பதிவானதில்லை. கடல் நீரில் இருந்த கிருமியே பருவநிலையால் தலைதூக்கியது என்று ஒரு வாதம் ஓடியது. பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரு களத்தில் நடந்து, முதல் நோயாளிகள் நேபாள வீரர்கள் தங்கியிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குக் கீழே ஓடும் ஓடைக் கரையில் இருந்ததை வரைபடத்தில் போட்டுக் காட்டினார். 2011-ல் நேபாளத்திலிருந்து எடுத்த 24 மாதிரிகளோடு ஹைட்டி மாதிரிகளை ஒப்பிட்டார்கள், சிலவற்றுக்கு இடையே ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். அதற்குள் ஏறக்குறைய 10,000 பேர் இறந்திருந்தார்கள்.

குற்றம் ஒரு முகாமின் கழிவுநீர்க் குழாயில். கிருமியின் பூர்வீகத்தை வைத்து ஒரு தேசத்தின் மேல் பழி போடுவது, சுவடியில் பிழை இருக்கிறது என்று பனைமரத்தைத் திட்டுவது மாதிரி.

கேள்வி: உறவே இல்லாத இரண்டு கிருமிகளுக்கு ஒரே மருந்து எதிர்ப்பு எப்படி வருகிறது?

பிளாஸ்மிட். கிருமியின் முக்கிய மரபணுத் தொகுதிக்கு வெளியே வளையமாக மிதக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. சுவடிக் கதையிலேயே சொன்னால், ஒரு கட்டிலிருந்து உருவி இன்னொரு கட்டில் செருகிய தனி ஓலை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 கடைசியில் ஆரம்பித்த டைபாய்டு இதற்கு நல்ல உதாரணம். அங்கே வழக்கமாக இருந்த எச்58 என்ற டைபாய்டு வம்சம், பெரும்பாலும் ஈ.கோலையிடமிருந்து, ஒரு பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்டு ஐந்து வகை மருந்துகளுக்கு அடங்காததாகிவிட்டது. வாய்வழி கொடுக்க அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. எது நடந்தது என்று தெரிந்ததால் எந்த மருந்தை வீணாக்க வேண்டாம் என்பதும் தெரிந்தது. 2019 நவம்பரில் அங்கே குழந்தைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி ஆரம்பித்தார்கள்.

எழுத்து வித்தியாசத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் இந்தச் செருகிய ஓலையைத் தவறவிடுவார்கள். எழுத்துக் கணக்கில் சம்பந்தமே இல்லாத நான்கு கிருமிகள் ஒரே வார்டில் ஒரே பிளாஸ்மிட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் அதுவும் பரவல்தான், கிருமியின் பரவல் இல்லை, ஓலையின் பரவல்.

கேள்வி: இதில் தப்பு வராதா?

வரும், பெரும்பாலும் மெஷினால் இல்லை, மனிதர்களால். நான் லேபில் இருந்த காலத்தில் ஒரு தடவை இரண்டு நோயாளிகளின் கிருமிக்கு இடையே சுழி வித்தியாசம், அதாவது ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேறு வேறு வார்டு, வேறு வேறு மாதம். நாங்கள் உற்சாகமாகி வென்டிலேட்டர், எண்டோஸ்கோப் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டோம். ஒரு மூத்த டெக்னீஷியன் அக்கா மட்டும் பேசாமல் ரிஜிஸ்டரைப் புரட்டினார். இரண்டு குப்பிகளும் ஒரே நாளில் ஃப்ரீசரிலிருந்து எடுக்கப்பட்டு, ராக்கில் அடுத்தடுத்த குழியில் நின்றிருந்தன. மறுபடி புதிதாக வளர்த்துப் படித்ததில் இரண்டாவது கிருமி வேறே. ஒரு சொட்டு தெறித்திருக்கிறது, அவ்வளவுதான்.

போலீஸ்காரர்களுக்கும் இது நடந்தது. ஜெர்மனியிலும் பக்கத்து பிரான்ஸ், ஆஸ்திரியாவிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்து வருஷக்கணக்கில் தேடினார்கள். 2009-ல் பார்த்தால் அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி தயாரித்த ஆலையில் வேலை பார்த்த அம்மாவுடையது!

கேள்வி: கிருமியோடு சேர்ந்து என் மரபணுவும் வெளியே போய்விடுமா?

தட்டில் வளர்த்த கிருமியில் உங்களுடையது ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. சளியையோ ரத்தத்தையோ நேரடியாகப் படித்தால் இருக்கும், அதை வடிகட்டிவிட்டுத்தான் பகிர வேண்டும். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு: கிருமியோடு சேர்த்துப் போடும் வயது, ஊர், தேதி. சின்ன ஊரில் அந்த மூன்றும் போதும், யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எத்தனை நாள் ஆகும்? இப்போது பிசிஆரில் ஒரு மணி நேரத்தில் கிருமி பெயர் வந்துவிடுகிறதே?

1995-ல் முதல் பாக்டீரியாவின் முழு மரபணுவைப் படித்தார்கள், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே, 18 லட்சம் எழுத்து. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இப்போது வேகமாக வளரும் கிருமி என்றால் சில நாள்: ராத்திரி தட்டில் தீற்றி வைத்தால் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும், ஒரு புள்ளியைக் குச்சியால் தொட்டு எடுத்து டிஎன்ஏ பிரித்து, மெஷினில் போட்டு, அது துண்டு துண்டாகக் கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் ஒட்ட வைக்க வேண்டும். காசநோய்க் கிருமி வளரவே வாரக்கணக்கு. ஆனால் காத்திருந்ததற்குக் கூலி உண்டு, எந்த மருந்து கேட்கும் என்பதையும் வரிசையிலிருந்தே ஊகிக்கலாம். 2018-ல் 10,000-க்கும் மேற்பட்ட காசநோய் மாதிரிகளை வைத்து முதல்நிலை மருந்துகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது என்று காட்டினார்கள்.

பிசிஆர் நல்லதுதான், சிகிச்சைக்கு அவசரம் முக்கியம். ஆனால் ரிசல்ட் வந்ததும் கல்ச்சர் போடாமல் சாம்பிளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முருகன் என்று பெயர் தெரியும், ஆள் கையில் இல்லை.

கேள்வி: எங்களுடையது சின்ன மருத்துவமனை. இந்த மெஷினெல்லாம் இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

மெஷின் வாங்க வேண்டாம், கிருமியை வைத்திருங்கள். சந்தேகமான கிருமி எது வளர்ந்தாலும் கிளிசரால் கலந்த திரவத்தில் ஒரு குப்பி, மைனஸ் 80 ஃப்ரீசர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் இருக்கிற லேபுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு நோட்டு: எந்த வார்டு, எந்தப் படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வென்டிலேட்டர், யார் பக்கத்தில் இருந்தார். நாளைக்கு யாராவது எழுத்து வரிசையைப் படித்துத் தந்தால் அதை வைத்துப் பேச இந்த நோட்டு வேண்டும். பல இடங்களில் குப்பி இருக்கும், நோட்டு இருக்காது. படுக்கை மாற்றியதை எழுத மறப்பதுதான் அதிகம், ராத்திரி ஷிஃப்டில் குறிப்பாக. குப்பி மேல் சாதாரண பேனாவால் எழுதாதீர்கள், ஆல்கஹால் பட்டால் போய்விடும்.